கண்ணாடிக் கூரைப் பெட்டியைத் தேடிப் போய் எங்கள் ஊர்க் கோச்சியைக் கண்டெடுத்த கதை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் புகையிரதம் வந்தது 1874இல். 2024ஆம் ஆண்டோடு 150 வருடம் பூர்த்தி. அதை வைத்துப் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு மலைநாட்டுக் கோச்சியைச் சிறிய மொடலாகச் செய்வோம் என்று எங்கள் வரலாற்றுப் பாடப் பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்தோம். எஞ்சின் ஒன்று, பெட்டி மூன்று, ஒரு சுரங்கம். அவ்வளவுதான் திட்டம்.

அடுத்த நாள் தரம் 9 பிள்ளை ஒருவன் வீட்டில் பார்த்த ஒரு வீடியோவைப் பற்றி வந்து சொன்னான். கனடாவில் ஓடும் ஒரு ரயில். பெட்டியின் கூரை நடுவில் கண்ணாடிக் குமிழ் போல உயர்ந்திருக்கிறது. ஆட்கள் படியேறி அதற்குள் உட்கார்ந்து நான்கு பக்கமும் மலையைப் பார்க்கிறார்கள். "சேர், இந்தப் பெட்டியையும் செய்வோம்" என்றான். பின்வரிசையில் இருந்த பிள்ளை உடனே கேட்டாள்: "அது எங்கட கோச்சியில இல்லையே. எங்கட மலை அதைவிட வடிவு. பிறகு ஏன் சேர் இல்ல?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறோம்" என்று தப்பினோம். தேடத் தொடங்கியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கண்ணாடிக் கூரையின் கதை. 1944இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியைச் சேர்ந்த சைரஸ் ஒஸ்போர்ன் என்பவர் கொலராடோ மாநிலத்தின் கிளென்வூட் பள்ளத்தாக்கு வழியாக, டீசல் எஞ்சின் சாரதியின் அறையில் உட்கார்ந்து பயணம் செய்தார். டீசல் எஞ்சின் செய்யும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. காசு கொடுத்து டிக்கட் எடுத்தவர் ஒரு பக்கத்து ஜன்னலால் எட்டிப் பார்க்கிறார். சாரதியோ முழுக் காட்சியையும் பார்க்கிறார். பயணிக்கும் அப்படி ஓர் இடம் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் அவருக்குத் தோன்றியது.

அடுத்த வருடமே, 1945இல், பர்லிங்டன் என்ற ரயில் கம்பனி ஒரு சாதாரணப் பெட்டியின் கூரையை வெட்டிக் கண்ணாடிக் குமிழ் வைத்து ஓட்டிப் பார்த்தது. 'சில்வர் டோம்' என்று அதற்குப் பெயர். 1949இல் சிக்காகோவில் இருந்து மேற்குக் கரை வரை ஓடிய 'கலிபோர்னியா செபர்' ரயிலில் ஒரே தொடரில் ஐந்து குமிழ்ப் பெட்டிகள் இருந்தன. 1955இல் கனடியன் பசிபிக் கம்பனி 'த கனடியன்' என்ற ரயிலைத் தொடங்கியது. அதன் கடைசிப் பெட்டியில் மேலே குமிழும் இருந்தது, வாலில் பின்னால் பார்க்கும் வட்டமான கண்ணாடி அறையும் இருந்தது. அந்தப் பெட்டிகள் ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் இடையில் இன்றைக்கும் ஓடுகின்றன. பிள்ளை பார்த்த வீடியோ அதுதான்.

இந்தியாவிலும் 2017இல் விசாகப்பட்டினத்தில் இருந்து அரக்கு பள்ளத்தாக்குக்கு 'விஸ்டாடோம்' பெட்டி விட்டார்கள். அதில் மாடி கிடையாது. சாதாரண உயரத்துக் கூரையிலேயே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள்.

இனி எங்கள் பக்கம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதை போடப்பட்டது. பேராதனையில் இருந்து கிளை பிரிந்து 1873இல் கம்பளைக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும் வந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் பாதை இங்கேயே நின்றது. அந்தப் பத்து வருடமும் நாங்கள்தான் கடைசி ஸ்டேஷன். மேலே திம்புள, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களின் கோப்பி மாட்டுவண்டியில் இறங்கி வந்து இங்கே ரயிலேறியது. அரிசியும் சாமானும் இங்கே இறங்கி வண்டியில் மேலே போனது. கண்டி இராச்சியக் காலத்தில் தவளம் என்ற பொதிமாட்டுப் போக்குவரத்தில் எங்கள் முன்னோருக்குப் பெரிய பங்கு இருந்தது வரலாற்றில் உள்ளது. பாதையும் வண்டியும் ரயிலும் சந்திக்கும் இப்படியான ஓர் ஊரில் முஸ்லிம் கடைத்தெரு வளர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

பிறகு 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதற்குள் இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்துவிட்டது. 1894இல் பண்டாரவளை. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களும், பாதைக்கு மண் வெட்டியவர்களில் பலரும் தமிழகத்தில் இருந்து நடந்தும் கப்பலிலும் வந்த மக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் அயலவர்கள்.

இந்தப் பாதையில் நாவலப்பிட்டிக்கு ஏன் லொகோ ஷெட்? கணக்கை வகுப்பில் செய்தோம். எங்கள் ஸ்டேஷன் கடல் மட்டத்தில் இருந்து 600 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் உள்ள உச்சிச் சுரங்கம் சுமார் 1,898 மீற்றர். அப்படியானால் இங்கிருந்து 1,300 மீற்றர் ஏறவேண்டும். இங்குருஓயா, கல்பொட, வட்டவளை, ரொசெல்ல என்று போகும் அந்த ஏற்றத்தில் 44 அடி போனால் ஓர் அடி உயரும் இடங்கள் உண்டு. வளைவின் ஆரை சில இடங்களில் 100 மீற்றர் அளவுதான். அதனால்தான் இங்கே எஞ்சின் கொட்டகை, இங்கே கூடுதல் எஞ்சின் பூட்டுவது, இங்கே தண்ணீரும் கரியும் நிரப்புவது. மான்செஸ்டர் பேயர் பீக்கொக் கம்பனி செய்த 'கரட்' என்ற இரட்டை எஞ்சின்கள் 1927இல் ஒன்றும் 1945இல் எட்டும் இலங்கைக்கு வந்தன. நடுவில் ஒரு கொதிகலன், முன்னும் பின்னும் இரண்டு எஞ்சின். நீளமாக இருந்தாலும் நடுவில் மடியும், அதனால் மலை வளைவில் திரும்பும்.

சரி, கண்ணாடிக் கூரை ஏன் வரவில்லை? இதற்குப் பதில் சொன்னவர் லொகோ ஷெட்டில் பிட்டராக வேலை செய்து பென்ஷன் எடுத்த ஓர் ஐயா. எங்கள் மாணவன் ஒருவனின் பக்கத்து வீட்டுக்காரர். எண்பது தாண்டிவிட்டது. நாங்கள் ஆறு பேர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"கண்ணாடிக் கூரையா மாஸ்டர்? கரி எஞ்சின் சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள போய் வெளியில வாறப்ப, உள்ள இருக்கிற ஆள்ட வெள்ளச் சட்டையே கறுத்துப் போயிரும். அந்தக் கண்ணாடிய யாரு துடைக்கிறது?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னதில்தான் வரலாறே இருந்தது. கண்ணாடிக் குமிழ்ப் பெட்டி டீசல் எஞ்சின் காலத்தில் பரவிய பொருள். ஒஸ்போர்ன் டீசல் எஞ்சின் விற்றவர். புகைக்கரி இல்லாத ரயிலில் கூரையைத் திறந்து காட்டுவது இலகு. அதோடு, அமெரிக்கக் குமிழ்ப் பெட்டியின் உச்சி தண்டவாளத்தில் இருந்து 4.8 மீற்றர் அளவு. எங்கள் பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள், 19ஆம் நூற்றாண்டு ரயிலின் அளவுக்குப் பாறையில் குடைந்தவை. எங்கள் ஆட்கள் செய்தது வேறு வேலை. உயரத்தைத் தொடாமல், கடைசிப் பெட்டியின் பின்சுவரைக் கண்ணாடியாக்கினார்கள். அதுதான் எங்கள் ஒப்சவேஷன் பெட்டி. கதிரைகள் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். மலை எங்களை விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

"அப்ப திரும்பி வரக்குள்ள?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "பெட்டியத் திருப்பிப் பூட்டணும் மகள். திருப்பாட்டி எஞ்சின்ட முதுகத்தான் பார்த்துக்கிட்டு வரணும்" என்றார் ஐயா.

இதைவிட எங்களை வியக்க வைத்தது இன்னொன்று. 1950இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டில் பிறந்தது கொழும்புத் திட்டம். அதன் கீழ் 1954இல் கனடா எங்களுக்கு டீசல் எஞ்சின்களை அன்பளிப்பாகத் தந்தது. நாங்கள் எம்2 என்று சொல்கிறோமே, அவைதான். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரைச் சுமந்து இந்த மலையில் ஏறி இறங்கியவை. செய்தது ஜெனரல் மோட்டர்ஸின் கனடியத் தொழிற்சாலை. ஒஸ்போர்ன் வேலை செய்த அதே கம்பனி. கனடா தன் நாட்டு மலையைப் பார்க்கக் கண்ணாடிக் கூரை ரயிலைத் தயார் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே கம்பனியின் எஞ்சின் எங்கள் மலைக்கு வந்திருக்கிறது. கண்ணாடிக் கூரைக்குப் பாதி வழி வந்து சேர்ந்துவிட்டோம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம்.

இனி மொடலுக்குப் பாகம் தேடிய கதை. இங்கேதான் உண்மையான பாடம் படித்தோம்.

வெளிநாட்டில் மொடல் ரயில் பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவின் வோல்தர்ஸ், ஜப்பானின் கேட்டோ போன்ற கம்பனிகள் அந்தக் குமிழ்ப் பெட்டிகளை அச்சு அசலாகச் சிறிதாக்கி விற்கின்றன. அதிகமாக ஓடும் அளவு எச்ஓ, அதாவது 87இல் ஒரு பங்கு. குமிழ்க் கண்ணாடி, உள் கதிரை, சக்கரம், கொழுவி என்று பாகம் பாகமாகவும் தேடி வாங்குகிறார்கள். பழைய மொடலின் கண்ணாடி வெடித்தால், அதே மாதிரி இன்னொரு பழைய பெட்டியை வாங்கி அதில் இருந்து கழற்றிப் போடுபவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது. விலையைப் பார்த்தோம். கப்பல் கூலியையும் வரியையும் சேர்த்துப் பார்த்தோம். பேசாமல் மூடி வைத்தோம்.

காசு இருந்திருந்தாலும் சரிவந்திருக்காது. எச்ஓ மொடலின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அது 1,435 மில்லிமீற்றர் பாதைக்குச் சரி. எங்கள் பாதை 1,676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19.2க்கு மேல் வருகிறது. கடையில் வாங்கும் எந்தச் சக்கரத்தை வைத்தாலும் எங்கள் கோச்சி ஒடுங்கிய காலில் நிற்கும். இந்தியாவின் அகலப் பாதையும் இதே 1,676தான். அங்கே மொடல் செய்பவர்களுக்கும் இதே தலையிடிதான்.

எஞ்சின் கிடைக்குமா என்று பார்த்தோம். எம்2 எஞ்சினின் கம்பனிப் பெயர் ஜி12. உலகத்தின் பல நாடுகளுக்கு விற்ற வகை. பிரேசிலில் பிராதெஸ்கி என்ற கம்பனி ஜி12 மொடல் செய்கிறது. உருவம் எங்கள் எம்2வின் சொந்தக்காரன் மாதிரித்தான். ஆனால் அதன் அடியில் ஒவ்வொரு போகியிலும் இரண்டு அச்சு. எங்களுக்கு முதலில் வந்த எம்2களில் மூன்று. ஒப்சவேஷன் பெட்டியோ எந்தக் கடையிலும் இல்லை. கனடாக்காரன் கோச்சி பெட்டியில் அடைத்து விற்பனைக்கு இருக்கிறது. எங்கள் கோச்சி இல்லை. அதை வேண்டுமென்றால் நாங்களேதான் அளந்து செய்யவேண்டும்.

அளந்தோம். ஸ்டேஷனில் அனுமதி எடுத்து, வண்டி நிற்கும் நேரத்தில் அளவு நாடாவோடு மூன்று சனிக்கிழமை போனோம். அளவுத்திட்டம் 50இல் ஒன்று என்று முடிவு செய்தோம். ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர். பிள்ளைகளுக்குக் கணக்கு இலேசு. தண்டவாள இடைவெளி 33.5 மில்லிமீற்றர். நூறு மீற்றர் வளைவு இரண்டு மீற்றர் ஆனது. 44க்கு ஒன்று ஏற்றத்தைக் காட்ட 2.2 மீற்றர் நீளத்துக்குப் பலகையை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தினோம். பார்த்தால் ஏற்றமே தெரியவில்லை. "இதுக்கா சேர் இரண்டு எஞ்சின்?" என்றார்கள். இரும்புக் கட்டி நிரப்பிய பெட்டியை நூலில் கட்டி இழுக்கச் சொன்னோம். விளங்கிவிட்டது.

பாகங்கள் எல்லாம் எங்கள் டவுனிலேயே கிடைத்தன. சக்கரத்துக்கு ஹார்ட்வெயார் கடை வொஷர். அச்சுக்கு சைக்கிள் கம்பி. சிலிப்பர் கட்டைக்கு ஐஸ்கிறீம் குச்சி. மலைக்கு ரெஜிபோம். ஒப்சவேஷன் கண்ணாடிக்கு கேக் பெட்டி மூடி. ஒரு கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வொஷருக்குக் காசு வாங்கவில்லை. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

கண்ணாடிக் குமிழையும் பிள்ளைகள் விடவில்லை. மரத்தில் அச்சுச் செதுக்கி, தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் போட்டு, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினார்கள். முதலாவது சுருங்கிப் போனது. இரண்டாவது பால் நிறமாக மங்கியது. மூன்றாவதில் ஓட்டை. நான்காவது பளிச்சென்று வந்தது. அந்தப் பெட்டியைத் தண்டவாளத்தில் வைக்காமல் பக்கத்தில் தனியாக வைத்து, 'எங்கள் பாதையில் ஓடாதது' என்று எழுதி, ஏன் ஓடவில்லை என்ற காரணங்களையும் ஒட்டினோம். கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது அங்கேதான்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பதிவின் காரணம்.

இன்று ஸ்டேஷனில் நிற்கும் பெட்டியை நாங்கள் அளந்துவிட்டோம். ஆனால் பழைய கரி எஞ்சின் காலத்து ஷெட்டையும் மொடலாக வைக்க ஆசைப்பட்டோம். ஐயாவிடம் திரும்பப் போனோம். தான் வேலை செய்த காலத்தில் கொப்பிகளில் எல்லாம் குறித்து வைத்திருந்ததாகச் சொன்னார். எந்தச் சக்கரம் எவ்வளவு தேய்ந்தால் கழற்றவேண்டும், எந்தப் போல்ட்டுக்கு எந்த அளவு, எந்த எஞ்சின் எந்த மாதம் ஷெட்டுக்கு வந்தது, எல்லாம். பித்தளையில் ஓர் அளவுக் கருவியும், ஒரு கைலாம்பும் வைத்திருந்தாராம். "உள்ளுக்குப் பெட்டியில இருக்கு மாஸ்டர், எடுத்துத் தாரேன்" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

அந்தத் தங்கச்சி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். கஷ்டமான காலத்தில் பழைய இரும்புக்காரர் வந்தபோது பித்தளையை நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். கொப்பிகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. ஐயாவுக்குச் சொல்லவில்லை. ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல, புள்ளைகளுக்குப் பால்மா வாங்கியிருக்கும்" என்றார். எங்களோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி அழுதுவிட்டாள்.

அந்தத் தங்கச்சியில் ஒரு பிழையும் இல்லை. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாடசாலையும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிழை எங்களுடையது. கிளென்வூட் பள்ளத்தாக்கில் 1944இல் ஒருவருக்கு வந்த யோசனையை நாவலப்பிட்டியில் உட்கார்ந்து நாங்கள் தெரிந்துகொள்ளலாம். ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் நாற்பது வருடம் ஒருவர் எழுதியதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இனி வழியில்லை. அவர்களுடையதை அவர்கள் எழுதி, படம் பிடித்து, அளந்து, சிறுவர் விளையாட்டுப் பொருளாகக்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்களுடையதை வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.

அந்த ஷெட்டில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் ஒரே கரியில் கறுத்தவர்கள். ஐயா தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் மாணவி ஒருத்தியின் மூத்த வாப்பாவின் பெயரும் வந்தது. அவர் லொகோவில் பயர்மேனாக இருந்தார் என்பது அவள் வீட்டிலேயே அவளுக்குத் தெரியாது.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை செய்தவர் யாராவது இருந்தால், பழைய லாம்பு, விசில், பெட்ஜ், சாவி, படம், கொப்பி, சம்பளத் துண்டு எது இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பொருள் எங்களுக்கு வேண்டாம். பிள்ளைகள் வந்து அளந்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டு போவார்கள். பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பெரியவர்கள் இருந்தால் அரை மணி நேரம் பேச விடுங்கள். அது இன்னும் அவசரம்.

ஐயா கண்காட்சிக்கு வந்தார். மொடலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். ஒப்சவேஷன் பெட்டியின் கொழுவியை விரலால் தொட்டு, "இது கொஞ்சம் மேல இருக்கு மாஸ்டர்" என்றார். பிள்ளைகள் உடனே கழற்றினார்கள். அவர் கதிரையில் உட்கார்ந்து எவ்வளவு கீழே வரவேண்டும் என்று விரலால் காட்டிக் காட்டிச் சொல்ல, தரம் 9 பிள்ளை பென்சிலால் குறித்துக்கொண்டான்.

அந்தக் குறிப்புக் கொப்பி இப்போது பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஐயாவின் கையெழுத்து.